சாவா மூவாக் கொடை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலத்தை அடுத்த வட்டாரத்தில், நைனார்பாளையம் என்றோர் ஊர் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது அவ்வூரில். கல்வராயன் மலைக்குக் கீழே விரிந்து கிடக்கும் சமவெளிப் பகுதி அது. கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் மண். அறுவடை முடிந்த கொல்லைகளில் கோடைக்காலத்து இரவுகளில் ஆட்டுக்கிடை போடுவது அங்கே வழக்கம். நூறு இருநூறு ஆடுகளைப் பட்டி வளைத்து ஒரே கொல்லையில் இரவு முழுதும் நிறுத்தினால், அடுத்த பருவத்துக்கு வேண்டிய எருவை அவை அங்கேயே இட்டுவிடும். அதற்குக் கூலியாக நிலத்துக்காரர் கிடைக்காரருக்குத் தானியமோ பணமோ அளிப்பார்.

எங்கள் கொல்லைக்கு ஆண்டுதோறும் ஒரே கிடைக்காரர்தாம் வருவார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "தாத்தா, போன வருஷமும் நூற்றைம்பது ஆடு என்றீர்கள், இந்த வருஷமும் நூற்றைம்பதுதான் என்கிறீர்கள். நடுவில் விற்றது, செத்தது ஒன்றும் இல்லையா?" அவர் சிரித்தார். "எல்லாம் உண்டு தம்பி. ஆடு வேற, கணக்கு அதேதான். கிழடு போனா குட்டி நிற்கும்" என்றார். அச்சொல்லின் பொருள் எனக்கு அன்று முழுதும் விளங்கவில்லை. விளங்குவதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

மாணவ நண்பர்களே, தாம் படித்த பள்ளிக்குத் தம்மால் இயன்றதைத் திருப்பித் தர வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் குறைவற இருக்கிறது. அந்த எண்ணத்தை வளர்ப்பதற்காக நான் இன்று பேச வரவில்லை. கொடுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு; அக்கணக்கு தவறினால் நல்ல மனத்தோடு கொடுத்த பொருளும் பயனின்றி நைந்து போகும். அக்கணக்கைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்றொரு தொடர் வரும். கோயிலில் இரவும் பகலும் அணையாமல் எரியும் நுந்தா விளக்குக்கு ஒருவர் கொடை வழங்க விரும்பினால், நெய்யை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை, ஆடுகளைக் கொடுப்பார். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடுகளுக்கு ஈடாக 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் எனக் கணக்கு வகுத்திருந்தார்கள். இடையர்கள் அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகாதா? சாகும். கிழப்பருவம் எய்தாதா? எய்தும். ஆயினும் ஈன்ற குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது ஏற்றுக்கொண்டவர் கடமை. ஆதலால் அந்த மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. எங்கள் கிடைக்காரர் சொன்னதும் இதுவே.

கல்விக்கும் இத்தகைய கொடைகள் இருந்தன. விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கே இயங்கிய கல்லூரியில் 270 இளைய மாணவரும் 70 மூத்த மாணவரும் பயின்றனர். அவர்களுடைய உணவுக்கும் ஆசிரியர் ஊதியத்துக்கும் 45 வேலி நிலத்தின் விளைவு ஒதுக்கப்பட்டது. வேதக் கல்விக்கென அமைந்த கூடம் அது. எல்லாருக்கும் திறந்த கதவு அன்று. அக்குறையை மறைத்துப் பெருமை பேசுவது முறையாகாது. எனினும் நிலத்தை விற்றுத் தின்னாமல் அதன் விளைவை மட்டுமே உண்பது என்னும் ஏற்பாடு நாம் கற்றுக்கொள்ளத் தக்கது.

இனி, என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நான் உயர்நிலைக் கல்வி கற்றது அயலூர்ப் பள்ளி ஒன்றில். அதன் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப் போகும் குறை பள்ளியின் குறை அன்று, எங்கள் குறை. 1984-ஆம் ஆண்டில், எங்கள் வகுப்பில் படித்தவர்கள் அப்போதுதான் வேலைக்குச் சென்றிருந்தோம். ஆளுக்கு இருபதும் முப்பதுமாகத் திரட்டி ஆயிரம் ரூபாய் சேர்த்து, வைப்புத்தொகையாக இட்டு, அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பில் தமிழில் முதன்மை பெறும் மாணவருக்குப் பரிசு வழங்குமாறு எழுதிக் கொடுத்தோம். அக்காலத்தில் ஆண்டு வட்டி நூறு ரூபாய் வந்தது. நல்ல அகராதி ஒன்றும் அதனோடு இரண்டு நூல்களும் வாங்க அது போதுமானதாக இருந்தது. எங்களுக்கு ஒரே பெருமிதம்! அறக்கட்டளை நிறுவியவர்கள் அல்லமோ நாங்கள்?

சென்ற ஆண்டுப் பள்ளி விழாவுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். எங்கள் பெயரால் அமைந்த பரிசு அறிவிக்கப்பட்டது. ஒரு மாணவி மேடையேறிப் பெற்றுக்கொண்டாள். அது ஒரு பேனா. தலைமையாசிரியர் கணக்கேட்டைக் காட்டினார். நாங்கள் கொடுத்த ஆயிரம் ரூபாயில் ஒரு காசும் குறையவில்லை. நாற்பது ஆண்டுகளாக வட்டி முழுவதும் பரிசுக்கே செலவாகியிருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் மறக்கவும் இல்லை. இப்போது ஆண்டு வட்டி எழுபது ரூபாய்க்கும் குறைவு. அதற்குப் பேனாதான் வாங்க முடியும்.

எங்கள் ஆடு சாகவில்லை. ஆனால் மூத்துவிட்டது.

இதற்கு வட்டி விகிதம் குறைந்தது சிறு காரணம்; விலைவாசி ஏறியதே பெருங்காரணம். கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் 72 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் விலை ஏறுமானால், 72-ஐ 5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14 வரும். அதாவது பதினான்கு ஆண்டுகளில் விலைகள் இரட்டிக்கும். ஏட்டில் ஆயிரம் ரூபாய் ஆயிரமாகவே நிற்கும். அதன் வாங்கும் ஆற்றலோ பாதியாகும். இருபத்தெட்டு ஆண்டுகளில் கால் பங்காகும். ஆகவே, நூற்றுக்கு 7 வட்டி வருகிறதென்றால் ஏழையும் செலவிடலாகாது. விலை ஏற்றத்துக்கு ஈடாக ஐந்தை முதலோடு சேர்த்துவிட்டு இரண்டை மட்டுமே செலவிட வேண்டும். சேர்க்கப்படும் அந்த ஐந்துதான் குட்டி. நாங்கள் நாற்பது ஆண்டுகளாகக் குட்டிகளையும் சேர்த்துத் தின்றுவிட்டோம் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

ஏழில் இரண்டைத்தான் செலவிடுவது என்றால் பெருந்தொகை அல்லவா வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வேண்டுந்தான். ஆனால் அது ஒரே நாளில் வர வேண்டியதில்லை. விழா முடிந்த மாலையில் பள்ளி வேப்பமரத்தடியில் அமர்ந்து நாங்கள் போட்ட கணக்கைச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் தொடர்பில் இருப்பவர் முப்பது பேர். ஆளுக்கு மாதம் இருநூறு ரூபாய் என்றால் மாதம் ஆறாயிரம், ஆண்டுக்கு எழுபத்திரண்டாயிரம். பத்து ஆண்டுகள் விடாமல் சேர்த்து, நூற்றுக்கு 7 வீதம் வட்டியையும் சேர்த்துக்கொண்டே வந்தால், தொகை பத்து லட்சத்தை நெருங்கும். அதன் பிறகு ஆண்டுக்கு வரும் எழுபதாயிரத்தில் ஐம்பதாயிரத்தை முதலோடு சேர்த்துவிட்டு, இருபதாயிரம் ரூபாயை ஆண்டுதோறும் பள்ளிக்குச் செலவிடலாம். விலைவாசி உயர உயர அந்த இருபதாயிரமும் தானாகவே உயரும். ஒரே நாளில் விழா எடுத்து, மாலை சூடிக் கொடுக்கும் தொகையைவிட இது பெரிது.

கணக்கு எல்லார்க்கும் பிடித்திருந்தது. ஆனால் எங்களுள் ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மெல்லக் கேட்டார்: "பத்து வருஷமா? நம்ம வகுப்புல நாற்பத்தொரு பேர் இருந்தோம். பதினோரு பேர் போயாச்சு. இன்னும் பத்து வருஷத்துல எத்தனை பேர் இருப்போமோ?" சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்தக் கேள்விதான் என்னை உயில் என்னும் பொருளைப் பற்றிப் படிக்கத் தூண்டியது.

படித்தபோது, ஒரே காலத்தில் வாழ்ந்த இருவரின் உயில்கள் என் உள்ளத்தைக் கவர்ந்தன. ஒருவர் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின், 1790-இல் மறைந்தவர். மற்றவர் நம் பச்சையப்ப முதலியார், 1794-இல் மறைந்தவர்.

பிராங்கிளின் பள்ளியில் படித்தது மொத்தம் இரண்டு ஆண்டுகள்தாம். பாஸ்டன் நகரத்து இலவசப் பள்ளியில் ஓராண்டுகூட நிறையவில்லை. வறுமையால் தந்தை நிறுத்திவிட்டார். அவ்வளவு குறுகிய காலமே படித்தும், தம் எழுத்தறிவின் தொடக்கம் அங்கேதான் என்பதை அவர் மறக்கவில்லை. பாஸ்டனின் இலவசப் பள்ளிகளுக்கு நூறு பவுன் எழுதி வைத்தார். அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் நல்ல மாணவர்களுக்கு வெள்ளிப் பதக்கம் வழங்க வேண்டும் என்பது விருப்பம். 1793-இல் முதற் பதக்கங்கள் வழங்கப்பெற்றன. அவ்வழக்கம் பல தலைமுறைகள் நீடித்தது. அது மட்டுமன்று. பாஸ்டனுக்கு ஆயிரம் பவுன், பிலடெல்பியாவுக்கு ஆயிரம் பவுன் என ஒதுக்கி, இளந்தொழிலாளர்க்குக் குறைந்த வட்டிக் கடனாக அதை வழங்கி வர வேண்டும். நூறாண்டு கழித்து ஒரு பகுதியைப் பொதுப் பணிக்குச் செலவிட வேண்டும். எஞ்சியதை மேலும் நூறாண்டு வளர விட வேண்டும் என்று எழுதினார். இருநூறு ஆண்டுக்குத் திட்டம் தீட்டியவரைக் கண்டு அக்காலத்தவர் நகைத்திருக்கவும் கூடும். 1990-இல் கெடு முடிந்தபோது பாஸ்டன் நிதி நாற்பது லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது; பிலடெல்பியா நிதி அதில் ஏறத்தாழப் பாதியே. தொடங்கிய தொகை ஒன்று, காலம் ஒன்று, வளர்த்த முறைதான் வேறு. மந்தையின் வளம் மேய்ப்பவரைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பச்சையப்பர் கதை வேறு வகை. எளிய குடும்பத்தில் 1754-இல் பிறந்து, சென்னையில் துபாஷியாக, அதாவது ஆங்கிலேயருக்கும் நம்மவருக்கும் இடையே நின்று வாணிகம் நடத்துபவராகப் பெருஞ்செல்வம் ஈட்டியவர். மறைவதற்குச் சற்று முன்பு உயில் எழுதினார். அதில் அவர் முதன்மையாக நினைத்தவை கோயில் திருப்பணிகளும் அன்னதானங்களும். உயிலை நிறைவேற்ற வேண்டிய காலத்தில் பூசல்கள் எழுந்தன, வழக்குகள் நீண்டன, பல்லாண்டுகள் பணம் பயன்படாமல் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோரின் முயற்சியால், நீதிமன்றம் அறப்பணிகளுக்குரியதை ஒதுக்கிவிட்டு, திரண்டிருந்த மிகுதியைக் கல்விக்குப் பயன்படுத்த வழி செய்தது. 1842-இல் பச்சையப்பர் பெயரால் பள்ளி தொடங்கிற்று. 1889-இல் அது கல்லூரி ஆயிற்று. எழுதிய கை ஓய்ந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துப் பள்ளிக்கூட மணி அடித்தது. பின்னாளில் ஆயிரமாயிரம் மாணவர்க்கு அந்தக் கொடை வாழ்வளித்தது என்பது மெய். ஆனால் அந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளில் படிக்க முடியாமற் போன பிள்ளைகளும் இருந்திருப்பார்கள் அல்லவா? நான் அவர்களையே மிகுதியும் நினைத்துக்கொண்டேன்.

அதனால், உயில் எழுதுவது எளிது, எழுதும் முறைதான் அரிது என்று கண்டேன். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலை வெள்ளைத் தாளிலேயே எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டியதில்லை. எழுதியவர் கையொப்பமிட, இரண்டு சாட்சிகள் ஒப்பமிட வேண்டும். பதிவு செய்வது கட்டாயம் அன்று, செய்துகொள்வது நலம். உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். இவை எல்லாரும் சொல்லுவன. பள்ளிக்கு எழுதுவோர் தனியே கவனிக்க வேண்டிய நுட்பங்கள் சில உண்டு. கொடையைப் பெறுபவராகத் தலைமையாசிரியரின் பெயரை எழுதலாகாது. அவர் மாறிப் போவார். பதவியைத்தான் எழுத வேண்டும். பள்ளியும் மாறும். இன்று நடுநிலைப் பள்ளியாக இருப்பது நாளை உயர்நிலைப் பள்ளியாகும்; வேறொரு பள்ளியோடு இணையவும் கூடும். ஆகவே 'எதிர்காலத்தில் அப்பள்ளி எப்பெயரால் வழங்கினும்' என்னும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நோக்கத்தையும் மிகக் குறுக்கலாகாது. 'மண்ணெண்ணெய் விளக்கு வாங்கித் தருக' என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால் இன்று அந்தப் பணத்தை என் செய்வது? 'ஏழை மாணவர் இரவில் படிப்பதற்கு உதவுக' என்று எழுதியிருந்தால் அது இன்றும் உயிரோடு இருக்கும்.

உயில் வேண்டா, வாழும்போதே கொடுத்துவிடலாம் என்போர்க்கும் வழிகள் உள்ளன. நிலமாயின் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். நிலையான நிதியாயின், 1890-ஆம் ஆண்டின் அறக்கொடைச் சட்டப்படி அரசின் அறக்கொடைப் பொருளாளரிடம் அதை ஒப்படைக்கலாம். அவர் முதலைக் காத்து நிற்பார். திட்டத்தில் குறித்தவாறு வருவாயைச் செலவிடும் பொறுப்பு வேறொருவரிடம் இருக்கும். காப்பவரும் செலவிடுபவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு!

ஊரார் கூடிப் பள்ளிக்குக் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958-இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கி, பிறகு மாநிலமெங்கும் பரவிற்று. தலைமையாசிரியர்கள் தம் பள்ளிக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட, ஊரார் மேசை, நாற்காலி, மணி, கடிகாரம், நிலம், கட்டடம் எனக் கொண்டு வந்து குவித்தார்கள். அந்த இயக்கத்தில் எனக்குப் பிடித்தது, கொடுப்பதற்கு முன்னே பட்டியல் கேட்ட முறை. இன்றும் அதைப் போன்ற ஏற்பாடு உண்டு. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தில், எந்தப் பள்ளிக்கு, எந்தத் தேவைக்கு என்று தெரிந்தெடுத்துக் கொடுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக்களிலும் இப்போது முன்னாள் மாணவர்க்கு இடம் உண்டு. மதுரை மாவட்டம் கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் என்னும் வங்கி ஊழியர், மறைந்த தம் மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவதற்கெனப் பத்திரம் பதிந்து கொடுத்ததையும், 2024 குடியரசு நாளில் அரசு அவரைச் சிறப்பித்ததையும் செய்தித்தாள்களில் நீங்கள் படித்திருப்பீர்கள்.

பட்டியல் கேளாமல் கொடுத்த அனுபவமும் எங்களுக்கு உண்டு. பத்தாண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்பார் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். நாடா வெட்டினோம், படம் எடுத்தோம். கருவிமேல் எங்கள் அனைவர் பெயரும் பொறித்த தகடு. ஒன்றரை ஆண்டில் அதன் வடிகட்டி அடைத்துக்கொண்டது. மாற்றுவதற்குச் சில ஆயிரம் ரூபாய் வேண்டும். அதற்குப் பள்ளியில் தனி நிதி இல்லை. அப்படி ஒரு செலவு வரும் என்று நாங்களும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு நான் பார்த்தபோது அது வராந்தா மூலையில் நின்றது. பெயர்த் தகடு மட்டும் பளபளவென்று இருந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து புட்டியில் தண்ணீர் கொண்டு வந்து குடித்தார்கள். என்னை யாரும் குறை கூறவில்லை. எனினும் அன்று அந்த வராந்தாவைக் கடந்து செல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. புதிய பொருள் வாங்கித் தர நூறு பேர் முன்வருவார்கள். பழையதைப் பழுது பார்க்கவும், கழிவறையைத் தூய்மை செய்யவும், ஆய்வுக்கூடத்தில் தீர்ந்த அமிலத்தை மீண்டும் வாங்கவும் கொடுப்பவர் அரியர். ஏனெனில் அவற்றில் பெயர் பொறிக்க இடம் இல்லை.

மாணவர்களாகிய உங்களிடம் பணம் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் உங்களிடம் இன்று இருந்து நாளை கிடைக்காத ஒன்று உண்டு. அது உங்கள் வகுப்பின் பெயர்ப் பட்டியல். எங்கள் நாற்பத்தொரு பேரையும் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. சிலரைத் தேடிப் போனபோது அவர்கள் வீட்டில் மாலையிட்ட படத்தைத்தான் பார்த்தேன். பள்ளியை விட்டுப் போகும் நாளிலேயே பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே ஏட்டில் எழுதி, அதைக் காக்கும் பொறுப்பை இருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

எங்கள் நிதிக்கு இப்போது ஓராண்டு நிறைந்திருக்கிறது. முப்பது பேரில் இருபத்தாறு பேர் மாதந்தோறும் தவறாமல் செலுத்துகிறார்கள். வங்கி நண்பர் கேட்ட கேள்விக்கு விடையாக, எங்களுள் ஒன்பது பேர் தத்தம் உயிலில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம். தவணை முடியுமுன் எங்களுள் யாரேனும் மறைந்தால், எஞ்சிய தவணைகளுக்கு உரிய தொகை அவர் சொத்திலிருந்து நிதிக்குச் சேர வேண்டும் என்பது அப்பத்தி. என் மகனிடம் அதைப் படித்துக் காட்டினேன். "இருநூறு ரூபாய்க்கு உயிலா அப்பா?" என்று சிரித்தவன், மறுநாள் காலை தானே சாட்சிகளை அழைத்து வந்தான்.

பழைய ஆயிரம் ரூபாயையும் புதிய நிதியோடு சேர்த்துவிட்டோம். முதல் பத்தாண்டுக்கு ஒரு காசும் எடுப்பதில்லை என்று தீர்மானித்திருப்பதால், தமிழில் முதன்மை பெறும் மாணவருக்கு அதுவரை எங்களுள் ஒருவர் மாறி ஒருவர் அகராதி வாங்கித் தருவது என்று முறை வைத்திருக்கிறோம். வரும் ஆண்டு என் முறை.